எலிஷா குக் ஜூனியர்: படத்துக்குப் படம் செத்து, 58 வருடம் நடித்தவர்

இருட்டரங்கம்:

பழைய ஹாலிவுட் குற்றப் படங்கள் பார்க்கிறவர்களுக்கு இவர் முகம் தெரிந்திருக்கும், பெயர் தெரிந்திருக்காது. குட்டையான ஆள், பெரிய கண்கள், யாரோ பின்னாலேயே வருகிறார்கள் என்பது போல ஒரு பதற்றம். 1903 டிசம்பர் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். முதல் படம் 1930இல். கடைசியாக டிவியில் தலைகாட்டியது 1988இல். நடுவில் எத்தனையோ நாயகர்கள் வந்தார்கள், போனார்கள். இவர் பாட்டுக்கு நடித்துக்கொண்டிருந்தார்.

இந்த இழையைத் தொடங்கக் காரணம், இவரைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே வரிதான் இருக்கிறது: சாவதற்கென்றே பிறந்த நடிகர். சுடப்பட்டார், கழுத்து நெரிக்கப்பட்டார், விஷம் குடித்தார், கத்திக்குத்து வாங்கினார். எல்லாம் உண்மைதான். ஆனால் கூடவே கோழை, ஏமாளி என்றும் சேர்த்துவிடுகிறார்கள். என் சண்டை அதோடுதான்.

'தி பிக் ஸ்லீப்' (1946) எடுத்துக்கொள்ளுங்கள். ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கம், ஹம்ஃப்ரி போகார்ட் துப்பறிவாளர் மார்லோ. குக் வருவது ஹாரி ஜோன்ஸ் என்ற சில்லறை ஆளாக. மார்லோவிடம் 200 டாலருக்கு ஒரு தகவல் விற்க வருகிறான். தன் காதலி ஆக்னஸைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவள் உனக்குக் கொஞ்சம் அதிகம்தான் என்கிற மாதிரி மார்லோ ஒரு வார்த்தை விட, இவன் அவ்வளவு பெரிய ஆளிடம் அது கேவலமான பேச்சு என்று நேராகச் சொல்லிவிடுகிறான். மார்லோவும் ஒப்புக்கொள்கிறார். அதுவரை அந்தப் படத்தில் மார்லோவை அப்படி அடக்கியவர் யாரும் இல்லை.

பிறகு அடியாள் கனீனோ (பாப் ஸ்டீல்) ஆக்னஸ் எங்கே என்று கேட்டுத் துப்பாக்கியோடு நிற்கிறான். ஜோன்ஸ் ஒரு முகவரி சொல்கிறான். சொன்னதற்குப் பரிசாக ஒரு கோப்பை மது. அதில் விஷம். பக்கத்து அறையில் இருக்கும் மார்லோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜோன்ஸ் சொன்ன முகவரி பொய் என்பது அவன் செத்த பிறகுதான் தெரிகிறது. நடுங்கிக்கொண்டே, கடைசி வரை அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுக்காமல் செத்திருக்கிறான். ஆக்னஸோ காசை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்கிறாள்.

இவனையா கோழை என்பது? குக் நடித்த ஆட்களுக்குப் பயம் உண்டு, அது முகத்தில் அப்பட்டமாகத் தெரியும். ஆனால் பயந்துகொண்டே போய் எதிரே நிற்பார்கள். பெரும்பாலும் அந்த வீம்புதான் அவர்களைக் கொல்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மேட்னிஷோ:

இருட்டரங்கம் சார், ரொம்ப உயரத்தில் தூக்கி வைக்கிறீர்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அவர் செய்தது ஒரே வேலை. கண்ணை உருட்டுவது, உதட்டைக் கடிப்பது, வியர்ப்பது, சாவது. 1941இலும் அதுதான், 1956இலும் அதுதான். திரையில் அவர் பெயர் ஓடியதுமே எந்த ரீலில் போவார் என்று பந்தயம் கட்டலாம்.

கல்லூரிக்கால நண்பர்களோடு உண்மையிலேயே கட்டியிருக்கிறேன். ஜெயித்தும் இருக்கிறேன்.

வைகைக்கரை:

மேட்னிஷோ, அந்தப் பந்தயத்தை 'தி மால்டீஸ் ஃபால்க'னுக்குக் கட்டியிருந்தால் தோற்றிருப்பீர்கள். அதில் அவர் சாகவில்லை. நாவலில் அவர் ஏற்ற வேடமான வில்மர் தன் முதலாளி கட்மேனைச் சுட்டுக் கொல்வதாக வரும், படத்தில் அதுவும் கிடையாது.

'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தேர்ட் ஃப்ளோர்' (1940) படத்திலும் பிழைத்துவிடுகிறார். செய்யாத கொலைக்காக மாட்டிக்கொண்ட டாக்ஸி டிரைவராக வருவார். தீர்ப்பு வந்ததும் நீதிமன்றத்தில் நான் செய்யவில்லை, நான் செய்யவில்லை என்று கதறுவார் பாருங்கள், அந்தக் குரல்தான் படம் முழுக்க நாயகனைத் துரத்துகிறது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும் சின்னப் படம். பலர் இதைத்தான் முதல் நுவார் (இருண்ட பாணிக் குற்றக்கதை) படம் என்கிறார்கள். பீட்டர் லாரியும் இருக்கிறார். அடுத்த வருடமே இரண்டு பேரும் 'ஃபால்க'னில் மறுபடி சந்திக்கிறார்கள்.

'ஐ வேக் அப் ஸ்க்ரீமிங்' (1941) பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அதில் அவர் செத்தவரே இல்லை, கொன்றவர். அடுக்குமாடிக் கட்டடத்தில் தொலைபேசி இணைப்புப் பலகையில் உட்கார்ந்திருக்கும் சாதுவான ஆள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒருவன் என்பதாலேயே யாருக்கும் சந்தேகம் வராது. நடிகரின் பொதுப் பிம்பத்தையே துப்பறியும் கதையின் மறைப்பாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மேட்னிஷோ:

அக்கா, பந்தயம் சனிக்கிழமைப் படங்களுக்கு மட்டும். கிளாசிக்குகள் கணக்கில் வராது :)

சுருள்படம்:

'ஃபால்கன்' பற்றிப் பேச்சு வந்ததால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த படம்.

ஜான் ஹூஸ்டனின் முதல் இயக்கம். கட்மேனாக வரும் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டுக்கு அறுபது வயதைத் தாண்டிய பிறகு கிடைத்த முதல் சினிமா. குக் அவருடைய துப்பாக்கி ஏந்திய அடியாள் வில்மர். படம் முழுக்க எல்லோரும் அவனைப் பையன், பையன் என்றே கூப்பிடுகிறார்கள். சமாசாரம் என்னவென்றால், போகார்ட் பிறந்தது 1899 டிசம்பர் 25, குக் பிறந்தது 1903 டிசம்பர் 26. நாலு வருடமும் ஒரு நாளும்தான் வித்தியாசம். 37 வயது மனிதரை 41 வயது மனிதர் பையன் என்கிறார், நாமும் நம்புகிறோம். அளவுக்குப் பெரிதான மேலங்கி, கண் வரை இறங்கிய தொப்பி, பையில் கனக்கும் இரண்டு துப்பாக்கி. பாதி வேலையை உடையே செய்துவிடுகிறது. மீதி அவர் நடை.

ஹோட்டல் நடைபாதையில் துப்பறிவாளர் ஸ்பேட் (போகார்ட்) அவன் மேலங்கியைத் தோளிலிருந்து கீழே இழுத்துக் கைகளைக் கட்டிப்போட்டு, இரண்டு துப்பாக்கியையும் உருவுவார். பிறகு அதை முதலாளியிடம் கொடுத்து, கால் ஊனமான பேப்பர் போடுகிற பையன் ஒருவன் இவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டான், நான் வாங்கித் தருகிறேன் என்று கிண்டல் செய்வார். அந்த நேரம் போகார்ட்டைப் பார்க்காமல் குக்கைப் பாருங்கள். அவமானம் எப்படிக் கழுத்திலிருந்து மேலே ஏறுகிறது என்று தெரியும்.

அப்புறம் கடைசி அரை மணி நேரம். போலீசிடம் யாராவது ஒருவரைக் கொலைகாரன் என்று ஒப்படைக்க வேண்டும். ஸ்பேட் வில்மரைக் கொடுக்கச் சொல்கிறார். கட்மேன் முதலில் சிரிக்கிறார், இவன் எனக்குப் பிள்ளை மாதிரி என்கிறார். பிறகு மனம் மாறுகிறார்: பிள்ளை போனால் இன்னொரு பிள்ளை கிடைக்கும், எல்லோரும் தேடும் அந்தப் பறவைச் சிலை ஒன்றுதான் இருக்கிறது. இதையெல்லாம் வில்மரை வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். குக்கின் கண்ணில் நீர் திரண்டு நிற்கும் க்ளோஸ்-அப் ஒன்று வரும். இரண்டு கொலை செய்தவன் அவன், நமக்கு அவன் மேல் இரக்கம் வரவேண்டிய அவசியமே இல்லை. வந்துவிடுகிறது.

மயங்கிக் கிடந்து கண் விழிக்கும்போது, சுற்றி இருக்கும் ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு க்ளோஸ்-அப்பில் அவனையே பார்க்கும். யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. விற்றுவிட்டார்கள் என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. துரோகம் என்பதை வசனமே இல்லாமல் எடுத்த காட்சி இது. பார்க்கப்படுகிறவன் முகம் சரியாக இல்லாவிட்டால் எதிரே எத்தனை க்ளோஸ்-அப் வைத்தும் பயனில்லை.

அந்தப் படத்துக்கு ஆஸ்கார் பரிந்துரை போனது கிரீன்ஸ்ட்ரீட்டுக்கு. தகுதியானவர்தான், மறுக்கவில்லை.

இருட்டரங்கம்:

சுருள்படம், ஆஸ்கார் பேச்சை எடுத்துவிட்டீர்கள், சொல்லியே ஆகவேண்டும். குக்குக்கு வாழ்நாளில் ஒரு பரிந்துரைகூடக் கிடையாது. 'ஷேன்' (1953) என்ற கௌபாய் படத்தில் அவரைச் சுடுகிற ஜாக் பாலன்ஸுக்குப் பரிந்துரை, அந்தச் சின்னப் பையன் பிராண்டன் டிவைல்டுக்கும் பரிந்துரை. செத்தவருக்கு மட்டும் இல்லை.

மேட்னிஷோ:

துணை நடிகர் விருதே 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் ஆரம்பம். முதல் ஐந்து வருடத்தில் மூன்றை வால்டர் பிரென்னன் ஒருவரே அள்ளிக்கொண்டு போனார். நடிகை தெல்மா ரிட்டரைப் பாருங்கள், ஆறு தடவை பரிந்துரை, ஒன்றுகூடக் கையில் வரவில்லை. ஆகவே குக்குக்கு மட்டும் அநியாயம் என்று கண்ணீர் வேண்டாம்.

புதியவன்22:

வணக்கம். நான் இங்கே புதிது. 'தி கில்லிங்' மட்டும் பார்த்திருக்கிறேன், குப்ரிக் படம் என்பதற்காக. அதில் அந்தக் கணவராக வருகிறவர்தானா இவர்? அந்த மனைவி அவரைப் படுத்துகிற பாடு பார்க்கவே முடியவில்லை அண்ணா. ஆனால் இப்படித் தெரிந்தே ஏமாறுகிறவரை ஏமாளி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

இருட்டரங்கம்:

வாருங்கள் தம்பி. அவரேதான். நல்ல கேள்வி, என் கட்சிக்கு மிகவும் இடைஞ்சலான வேடம் அதுதான்.

ஜார்ஜ் பீட்டி, குதிரைப் பந்தய மைதானத்தில் பணம் வாங்கும் ஜன்னலில் உட்காரும் ஊழியர். மனைவி ஷெர்ரியாக மேரி வின்ட்சர், இவரைவிட நல்ல உயரம். அவள் சோபாவில் சாய்ந்துகொண்டு பேச, இவர் நின்றுகொண்டு கெஞ்சுகிற காட்சி வரும். வசனம் குற்ற நாவலாசிரியர் ஜிம் தாம்ப்சன். ஒவ்வொரு வரியிலும் அவள் ஊசி ஏற்றுவாள். அவளைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே ஆசையில் பெரிய பணம் வரப்போகிறது என்று உளறிவிடுகிறார். அவள் அதைக் கள்ளக்காதலனிடம் சொல்ல, 20 லட்சம் டாலர் கொள்ளைத் திட்டம் சரிகிறது.

ஏமாளிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் நடப்பதைக் கவனியுங்கள். பணம் பங்கு போட எல்லோரும் காத்திருக்கும் அறைக்குள் ஷெர்ரியின் காதலன் துப்பாக்கியோடு நுழைகிறான். அங்கே இருப்பவர்களில் பலசாலிகள் உண்டு, போலீஸ்காரர்கூட ஒருவர் உண்டு. வெளியே வந்து சுடுவது ஜார்ஜ். இரண்டே நொடியில் அறை முழுக்கப் பிணம். முகமெல்லாம் ரத்தமாக அவர் மட்டும் எழுந்து, கார் ஓட்டி, வீடு போய், மனைவியைச் சுட்டு, கிளிக்கூண்டை இழுத்துக்கொண்டு தானும் விழுகிறார். படத்தில் நாயகன் ஸ்டெர்லிங் ஹேடன் போடுகிற நிமிடக் கணக்குத் திட்டம் அத்தனையையும் முடித்துவைப்பது இந்தப் பூஞ்சை மனிதர்தான்.

வைகைக்கரை:

இங்கே நான் உங்கள் கட்சி இல்லை. மனைவியைக் கொல்வதை வீரத்தில் சேர்க்காதீர்கள். ஷெர்ரி பேராசைக்காரிதான், அதற்காக? ஐம்பதுகளின் குற்றப் படங்களில் இது ஒரு வழக்கம், சிறுமைப்பட்ட ஆண் கடைசியில் ஒரு பெண்ணைச் சுட்டால் கணக்கு நேரானது போலப் படம் நடந்துகொள்ளும். 'ஹாரி ஜோன்ஸ்' ஒரு பெண்ணுக்காகச் செத்தவன், ஜார்ஜ் ஒரு பெண்ணைக் கொன்றவன். இரண்டையும் ஒரே பையில் போட முடியாது.

நடிப்பு என்று பார்த்தால் மறுபேச்சு இல்லை. வாசலில் வந்து நிற்கும்போது அந்த முகத்தில் கோபமே இருக்காது. குழப்பம்தான் இருக்கும்.

இருட்டரங்கம்:

வீரம் என்று சொல்லவில்லை அக்கா, நிற்கிறார் என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் ஒரே பையில் போட முடியாது என்பது நியாயம். ஜோன்ஸுக்கு வீம்பில் ஒரு மானம் இருக்கிறது. ஜார்ஜுக்கு இருப்பது நொறுங்கிப்போன ஆசை மட்டும்.

சுருள்படம்:

'ஷேன்' பேச்சு பாதியில் நிற்கிறது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு பார்க்கிறவர்களுக்கு அந்தச் சாவு ஒரு பாடம்.

இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் படப்பிடிப்புக் குழுவோடு ஐரோப்பா போனவர். டாகாவ் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது அங்கே கேமராவோடு நின்றவர். திரும்பி வந்தவருக்கு, விளையாட்டுப் போலச் சுட்டு விளையாட்டுப் போல விழுகிற கௌபாய் படம் எடுக்க மனம் வரவில்லை. துப்பாக்கி ஒரு மனிதனை என்ன செய்யும் என்று காட்ட நினைத்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த உடம்பு எலிஷா குக்.

1951இல் வயோமிங்கில், ஜாக்சன் ஹோல் பக்கம் எடுத்தது. குக் ஏற்ற வேடம் டோரி, அமெரிக்காவின் தெற்கு மாநிலத்து விவசாயி. 'ஸ்டோன்வால்' என்று பட்டப்பெயர். வாய் நீளம், ரோஷம் அதிகம். பாலன்ஸ் கூலிக்கு வந்த துப்பாக்கிக்காரன் வில்சன். மதுக்கடை வாசலில் மரத்தளத்தின் மேல் அவன் சாவகாசமாக நடக்கிறான். கீழே சேற்றில் வழுக்கி வழுக்கி டோரி அதே திசையில் நடக்கிறான். ஒருவன் மேலே, காய்ந்த பலகையில். ஒருவன் கீழே, கணுக்கால் சேற்றில். முடிவு என்ன என்று அப்போதே தெரிந்துவிடும். தெற்கத்திக்காரர்களைப் பற்றி வில்சன் மட்டமாகப் பேசுகிறான். டோரி பொய்யன் என்கிறான். துப்பாக்கியைப் பாதி உருவுகிறான்.

வில்சன் தன் துப்பாக்கியை எடுத்து நீட்டிவிட்டு உடனே சுடுவதில்லை. ஒரு கணம் விடுகிறான். அந்த ஒரு கணத்தில் டோரிக்குத் தான் செத்துவிட்டது தெரிகிறது, துப்பாக்கி பாதியில் தொங்குகிறது. அப்புறம்தான் வெடி. சத்தத்தை வேண்டுமென்றே பெரிதாக்கியிருக்கிறார்கள், அன்றைய கௌபாய் படங்களில் கேட்கும் டப் சத்தம் இல்லை. குக் உடம்பில் கம்பி கட்டிப் பின்னால் வெடுக்கென்று இழுத்ததால் அப்படியே தூக்கி எறியப்பட்டுச் சேற்றில் விழுகிறார். அதுவரை திரையில் குண்டு பட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி விழுவார்கள், அவ்வளவுதான். பின்னால் வன்முறைக்கே பெயர் வாங்கிய சாம் பெக்கின்பா, பாலன்ஸ் குக்கைச் சுட்ட அந்தக் காட்சியிலிருந்துதான் நிலைமை மாறத் தொடங்கியது என்று சொல்லியிருக்கிறார். 1973இல் தன் 'பேட் கேரட் அண்ட் பில்லி தி கிட்' படத்தில் குக்கைச் சின்ன வேடத்தில் நடிக்கவும் வைத்தார்.

அடுத்து வரும் இடுகாட்டுக் காட்சியும் சாதாரணம் இல்லை. மவுத் ஆர்கனில் தெற்கத்திக்காரர்களின் பாட்டான 'டிக்ஸி' வாசிக்கிறார்கள். டோரியின் நாய் குழியோரம் நின்று பெட்டியைப் பிராண்டுகிறது. நாயகன் அல்லாத ஒருவன் சாவுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்குவது அந்தக் காலத்தில் அபூர்வம்.

மேட்னிஷோ:

சரி, 'ஷேன்' விஷயத்தில் தோற்றுவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன், கம்பி கட்டி இழுத்தது ஸ்டீவன்ஸின் யோசனை. குக் வெறுமனே விழுந்தார். யாரை நிறுத்தியிருந்தாலும் நடந்திருக்குமே?

வைகைக்கரை:

நடந்திருக்காது. வார்ட் பாண்ட் மாதிரி மலையளவு ஆளை நிறுத்தினால் சண்டை என்று தோன்றும். குக்கை நிறுத்தினால் கொலை என்று தோன்றுகிறது. முன்னால் ஜூலை 4 சுதந்திர தினக் கொண்டாட்டத்தில் எல்லோரும் டோரியைச் சீண்டிச் சிரிப்பார்கள், அவன் முறைத்துக்கொள்வான். நாமும் சிரித்திருப்போம். அந்தச் சிரிப்புத்தான் பிறகு நம்மைக் குத்துகிறது. அதைக் கம்பி செய்யாது.

தமிழ்க்கணினியன்:

நம் படங்களில் இவருக்கு இணை யார்? என் ஓட்டு...

நெறியாளர்:

தமிழ்க்கணினியன், ஒப்பீடுகளுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே கொண்டு போகவும். இங்கே குக் மட்டும். பட்டியலை நீக்கிவிட்டேன்.

இருட்டரங்கம்:

நன்றி நெறியாளர். தொழில் வாழ்க்கை பற்றிக் கொஞ்சம்.

பலர் இவரைச் சினிமாவிலேயே வளர்ந்தவர் என்று நினைக்கிறார்கள். மனிதர் மேடையிலிருந்து வந்தவர். யூஜீன் ஓ'நீல் எழுதிய 'ஆ, வில்டர்னஸ்!' 1933 அக்டோபரில் நியூயார்க் கில்ட் தியேட்டரில் அரங்கேறியபோது, காதல் கவிதை பாடித் திரியும் இளைஞன் ரிச்சர்டாக நடித்தது குக். அப்பாவாக நடித்தது அன்றைய பிராட்வேயின் பெரிய பெயர் ஜார்ஜ் எம். கோஹன். 289 காட்சிகள் ஓடியது. 1935இல் எம்ஜிஎம் அதைப் படமாக்கியபோது ரிச்சர்ட் வேடம் எரிக் லிண்டனுக்குப் போய்விட்டது. காதலிக்கிற, கனவு காண்கிற, கடைசியில் உயிரோடு இருக்கிற ஒரே பெரிய வேடம், அது திரையில் அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம்தான் ஹாலிவுட்டில் நிலையாக உட்கார்ந்தார்.

அப்புறம் அவர் படங்களை எந்த ஸ்டுடியோ எடுத்தது என்று பாருங்கள். 'ஸ்ட்ரேஞ்சர்' ஆர்கேஓ. 'ஃபால்கன்' வார்னர். 'ஐ வேக் அப்' ஃபாக்ஸ். 'ஃபேண்டம் லேடி' யுனிவர்சல். 'பிக் ஸ்லீப்' மறுபடி வார்னர். 'பார்ன் டு கில்' ஆர்கேஓ. 'ஷேன்' பாரமவுண்ட். 'தி கில்லிங்' யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ். நட்சத்திரங்கள் ஏழு வருட ஒப்பந்தத்தில் ஒரு கம்பெனி வாசலில் கட்டுண்டு கிடந்த காலத்தில், இவர் எல்லா வாசலிலும் நுழைந்திருக்கிறார். சம்பளம் சின்னது, ஆனால் படம் தோற்றால் பழி இவர் மேல் விழாது. 1948இல் உச்ச நீதிமன்றம் ஸ்டுடியோக்களுக்கும் தியேட்டர்களுக்கும் இருந்த பிணைப்பை உடைத்த பிறகு ஒப்பந்த நடிகர்கள் பலர் தெருவுக்கு வந்தார்கள். குக் மாதிரி ஆட்களை டிவி உள்ளே இழுத்துக்கொண்டது.

புதியவன்22:

'ஃபேண்டம் லேடி' என்ன படம் அண்ணா? கேள்விப்பட்டதில்லை.

சுருள்படம்:

நான் சொல்கிறேன். 1944, ராபர்ட் சியோட்மாக் இயக்கம். குக் அதில் நாடக அரங்கில் டிரம்ஸ் வாசிப்பவர். ஒரு கொலைச் சாட்சியம் வேண்டி நாயகி எல்லா ரெயின்ஸ் அவரை மயக்குவது போல நடித்து, நள்ளிரவில் ஒரு நிலவறையில் நடக்கும் ஜாஸ் கச்சேரிக்குப் போகிறார். அங்கே குக் டிரம்ஸ் வாசிக்கிற இரண்டு மூன்று நிமிடம்! வியர்வை, விரிந்த கண்கள், அவள் சிரிப்பு, மறுபடி டிரம்ஸ், வேகம் ஏறிக்கொண்டே போகிறது. ஒருவரையொருவர் தொடக்கூட இல்லை. தணிக்கை விதிகள் அவ்வளவு கெடுபிடியாக இருந்த காலத்தில் இதை எப்படி விட்டார்கள் என்று இன்றைக்கும் எல்லோரும் கேட்கிறார்கள். கத்தரிக்க என்ன இருக்கிறது? ஒரு மனிதர் டிரம்ஸ் வாசிக்கிறார், அவ்வளவுதானே.

மேட்னிஷோ, ஒரே வேலை செய்தார் என்றீர்களே. இதைப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த ஆள் பயப்படவே இல்லை. தன்னை ஒரு அழகி விரும்புகிறாள் என்ற பெருமையில் மிதக்கிறான். (பிறகு சாகிறான், அது வேறு.)

டிவிபெட்டி:

தாமதமாக வருகிறேன். எல்லோரும் கறுப்பு வெள்ளைக் காலத்தோடு நின்றுவிட்டீர்கள். நான் இவரை முதலில் பார்த்தது 'ஸ்டார் ட்ரெக்'கில். 1967இல் வந்த 'கோர்ட் மார்ஷல்' அத்தியாயம். கேப்டன் கிர்க்குக்காக வாதாடும் வக்கீல் சாமுவேல் கோக்லி. விண்வெளிக் காலத்தில் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்து, அறை முழுக்கக் காகிதப் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் ஆள். இயந்திரத்தின் எதிரே நிற்க மனிதனுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றத்தில் முழங்குவார். அத்தனை வருடம் மற்றவர்கள் குரலுக்கு ஒடுங்கியவர் அங்கே ஒரு அறையையே அடக்கிவிடுவார்.

எண்பதுகளில் 'மேக்னம், பி.ஐ.' தொடரில் 'ஐஸ் பிக்' என்ற வயதான நிழலுலகப் பெரும்புள்ளி. ஹவாயில் எல்லோரும் அவருக்குப் பயப்படுவார்கள்! 'ஃபால்க'னில் இரண்டு துப்பாக்கி வைத்தும் மரியாதை வாங்க முடியாத பையன், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு குரலை உயர்த்தாமலே வாங்கிவிட்டார்.

திகில் பிரியர்கள் 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' (1959) பாருங்கள். வின்சென்ட் பிரைஸ் நாயகன், குக் அந்தப் பேய் வீட்டின் உரிமையாளர், படம் முழுக்கக் குடித்துவிட்டுப் புலம்புவார். கடைசியில் பார்வையாளர்களை நேராகப் பார்த்து, அடுத்து உங்களிடம் வருவார்கள் என்று எச்சரிப்பதும் அவர்தான். இயக்குநர் வில்லியம் காஸில் தியேட்டர்களில் கம்பியில் ஒரு எலும்புக்கூட்டைக் கட்டிப் பார்வையாளர்கள் தலைக்கு மேல் பறக்கவிட்டவர். அதே காஸில் தயாரித்த 'ரோஸ்மேரிஸ் பேபி'யில் (1968) அந்தச் சபிக்கப்பட்ட குடியிருப்பைச் சுற்றிக் காட்டும் ஆளாக வருவதும் குக். வீடு காட்டுவதோடு சரி, உயிரோடு தப்பிவிடுகிறார்.

மேட்னிஷோ:

டிரம்ஸ் பார்த்தேன். நேற்று இரவு மூன்று தடவை. பேச ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு சந்தேகம். இவ்வளவு வேலை செய்தவர் ஹாலிவுட் விருந்துகளில், பத்திரிகைப் பேட்டிகளில் ஏன் கண்ணிலேயே படுவதில்லை?

இருட்டரங்கம்:

ஏனென்றால் அவர் அங்கே இருந்ததே இல்லை. ஹூஸ்டன் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார்: குக் சியரா மலையில் ஒரு குடிலில் தனியாக இருந்தார், தூண்டிலுக்குப் போலி ஈக்களைத் தானே கட்டுவார், தங்கநிற டிரவுட் மீன் பிடிப்பார். ஹாலிவுட்டுக்கு அவர் தேவைப்பட்டால் மலைக்கு ஆள் அனுப்பித் தகவல் சொல்ல வேண்டும். இறங்கி வருவார், நடிப்பார், மறுபடி மலை ஏறிவிடுவார்.

கடைசி வரை அந்த மலையடிவாரத்தை விடவில்லை. 1995 மே 18 அன்று கலிஃபோர்னியாவின் பிக் பைன் என்ற சிற்றூரில் பக்கவாதத்தால் இறந்தார், வயது 91. 'மால்டீஸ் ஃபால்க'னின் முக்கிய நடிகர்களில் கடைசியாகப் போனவர் அவர்தான். போகார்ட் 1957இல், லாரி 1964இல், மேரி ஆஸ்டர் 1987இல் என்று எல்லோரும் முன்பே போய்விட்டார்கள்.

வைகைக்கரை:

விம் வெண்டர்ஸின் 'ஹாமெட்' (1982) யாரும் சொல்லவில்லையே. 'ஃபால்கன்' எழுதிய டாஷீல் ஹாமெட்டையே கதாபாத்திரமாக்கிய படம். எழுத்தாளரை ஊர் சுற்றிக் காட்டும் டாக்ஸி டிரைவர் எலி, நம் குக். படம் சுமார்தான், கொப்போலா தயாரிப்பில் பாதி திரும்ப எடுத்து இழுத்தடித்தது தெரிகிறது. ஆனால் அவர் வரும் இடங்களில் நடிப்பது போலவே இல்லை, ஏதோ பழைய கூட்டாளியோடு சும்மா உட்கார்ந்திருப்பது போல இருக்கிறார்.

புதியவன்22:

எதில் தொடங்குவது என்று யாராவது சொல்லுங்கள். எனக்கு வார இறுதி மட்டும்தான் நேரம்.

சுருள்படம்:

'ஃபால்கன்' முதலில், அப்புறம் 'ஃபேண்டம் லேடி', 'ஷேன்' மூன்றாவது. 'பிக் ஸ்லீப்' கதை புரியவில்லை என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். எங்கள் யாருக்கும் புரியவில்லை. ஹாரி ஜோன்ஸ் வருகிற வரை பொறுங்கள்.

டிவிபெட்டி:

'தி பிளாக் பேர்ட்' (1975) பார்க்கலாமா? 'ஃபால்க'னுக்குத் தொடர்ச்சி என்று போட்டிருக்கிறது, குக் மறுபடி வில்மராக வருகிறாராமே.

இருட்டரங்கம்:

வருகிறார். ஸ்பேடின் செயலாளர் எஃபியாகப் பழைய லீ பேட்ரிக்கும் வருகிறார். படம் கேலிக்கூத்து, சிரிப்பும் வராது. குக்கின் எல்லாப் படங்களையும் முடித்துவிட்டு, வேறு எதுவுமே இல்லை என்றால் பாருங்கள். அதற்குள் மேட்னிஷோ புதுப் பந்தயம் ஏதாவது கண்டுபிடித்திருப்பார்.

மேட்னிஷோ:

அதில் வில்மர் சாகிறாரா?

இருட்டரங்கம்:

பணத்தைக் கட்டுங்கள், சொல்கிறேன்.